தொகையும் விரியும்: ‘என்டர்பிரைஸ்’ அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரும் தில்லையில் அரங்கேறிய திருத்தொண்டர் புராணமும்

ஆய்வுச்சுருக்கம்

முன்னரே அறியப்பட்ட ஒரு கதைக்கு முற்பட்ட காலத்து நிகழ்வுகளைப் பின்னர்த் தோன்றும் ஒரு படைப்பு விரித்துரைப்பது முன்கதைக் கூற்று எனப்படும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2001 முதல் 2005 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்: என்டர்பிரைஸ்’ இவ்வகையைச் சார்ந்த, இடைத்தரமானது என மதிப்பிடத்தக்க ஓர் அறிபுனைத் தொடராகும். சைவ இலக்கிய மரபு வழங்கியுள்ள தொகை, வகை, விரி என்னும் பகுப்பைக் கொண்டு அத்தொடரின் நிறைகுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தோடு தொடர்புடைய திருநாவுக்கரசர், திருநாளைப்போவார் வரலாறுகளைச் சேக்கிழார் விரித்த முறை ஒப்பீட்டுக்குரிய சான்றாகக் கொள்ளப்படுகிறது. மூலம் விட்டுச்சென்ற மௌனங்களுள் எதனைத் தேர்ந்து பேசுகிறது என்பதே முன்கதையின் தரத்தை முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: முன்கதை, தொகை, விரி, வழிநூல், வழுவமைதி, பெரியபுராணம், அறிபுனை, தொலைக்காட்சித் தொடர்.

1. முன்னுரை

கதையின் முடிவை அறியாதிருத்தலே கேட்போரை ஈர்த்து வைத்திருக்கும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. முன்கதை என்னும் வகை இக்கருத்துக்கு மாறாக அமைகிறது. அதில் முடிவு முன்னரே தெரிந்தது. யார் பிழைப்பர், எந்நாடு வெல்லும், எவ்வுறவு நிலைக்கும் என்பன மூலக்கதையால் வரையறுக்கப்பட்டுவிட்டன. ஆகவே முன்கதை ஆசிரியன் ‘இனி என்ன நிகழும்’ என்னும் ஆவலை முழுமையாக நம்பியிருத்தல் இயலாது. ‘இஃது எவ்வாறு நிகழ்ந்தது’, ‘இதற்கு யார் என்ன விலை கொடுத்தனர்’ என்னும் வினாக்களையே அவன் முதலீடாகக் கொள்ள வேண்டும்.

தமிழிலக்கிய உலகிற்கு இந்நிலை புதிதன்று. கல்கி தம் ‘பார்த்திபன் கனவு’ புதினத்தை 1940களின் தொடக்கத்தில் எழுதிய பின்னர், அக்கதைக்கு முற்பட்ட காலத்தைச் ‘சிவகாமியின் சபதம்’ என்னும் நான்கு பாகப் புதினமாக விரித்தார். முன்னதில் படைக்கலம் துறந்த அடியாராகத் தோன்றும் சிறுத்தொண்டர், பின்னதில் காஞ்சிக்குக் கல்வி தேடி வரும் இளைஞர் பரஞ்சோதியாக அறிமுகமாகிறார். வாதாபி வீழும் என்பதைப் படிப்போர் முன்னரே அறிவர். அவ்வெற்றி யார் வாழ்வைச் சிதைத்து எய்தப்பட்டது என்பதே புதினத்தின் பொருளாகிறது.

இவ்வகையின் மிகப் பெரிய தமிழ்ச் சான்று, கல்கிக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிதம்பரத்தில் அரங்கேறியது. அதனை அளவுகோலாகக் கொண்டு இன்றைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றை மதிப்பிடுவது இவ்வாய்வின் நோக்கம். சமய மெய்ம்மையை உரைக்கும் புராணமும் வணிக நோக்கில் பலர் கூடி ஆக்கும் தொடரும் பயனால் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே, கதைகூறல் முறை என்னும் ஒரு கூறில் மட்டும் ஒப்பீடு நிகழ்த்தப்படுகிறது.

இடைத்தரப் படைப்பு ஒன்றை ஆய்வுக்குத் தேர்ந்தமைக்கும் காரணம் உண்டு. தேர்ந்த படைப்பில் உத்திகள் கதையோடு கரைந்துவிடுகின்றன. தோல்வியுற்ற படைப்பில் உத்தி என ஒன்று நிலைபெறுவதே இல்லை. சில இடங்களில் வென்றும் சில இடங்களில் தளர்ந்தும் செல்லும் படைப்பிலேயே, ஒரே உத்தி எப்போது பயன் தருகிறது, எப்போது பயனற்றுப் போகிறது என்பதை அருகருகே வைத்துக் காண இயலும்.

2. தொகை, வகை, விரி

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்கினைக் குறிப்பிடுகிறது. முன்னோன் நூலைப் பின்பற்றுவோன் அதனைச் சுருக்கவும் பெருக்கவும் உரிமையுடையவன் என்பது இதனால் பெறப்படும். பின்பற்றுதல் குறைவுடைய செயல் என்னும் எண்ணம் இவ்விலக்கணத்தில் இல்லை.

இவ்வுரிமை செயற்பட்ட முறையைச் சைவ அடியார் வரலாறுகள் தெளிவாகக் காட்டுகின்றன. சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத் தொகை அடியார்களின் பெயர்களை நிரல்படக் கூறும் பதிகம். அதில் பல அடியார்க்குக் கிடைப்பது ஒரு பெயரும் ஓர் அடைமொழியும் மட்டுமே. இராசராசன் காலத்தவராகச் சைவ மரபு கொள்ளும் நம்பியாண்டார் நம்பி, இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரைச் சார்ந்தவர். அவர் பாடிய திருத்தொண்டர் திருவந்தாதி அடியார் ஒவ்வொருவர்க்கும் பெரும்பாலும் ஒரு பாடல் அளவில் ஊர், குலம், செயல் ஆகியவற்றைக் குறிக்கிறது. இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) காலத்தில் அமைச்சராயிருந்த குன்றத்தூர்ச் சேக்கிழார், தனியடியார் 63 பேர், தொகையடியார் ஒன்பது திறத்தார் ஆகியோர் வரலாற்றை இரு காண்டம், 13 சருக்கம், இன்றைய பதிப்புகளின்படி 4,286 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியமாக்கினார். இம்மூன்றையும் முறையே தொகை, வகை, விரி எனச் சைவ மரபு வழங்குகிறது.

நூல் தோன்றிய வரிசையில் விரி இறுதியானது. அது கூறும் நிகழ்வுகளோ தொகை பாடப்பெற்ற நாளுக்குப் பெரும்பாலும் முற்பட்டவை. நூல்நிலையில் பின்னதாகவும் கதைக்காலத்தில் முன்னதாகவும் நிற்றல் என்னும் முன்கதை இலக்கணம் பெரியபுராணத்திற்குப் பொருந்துவது இதனாலேயே.

3. ‘என்டர்பிரைஸ்’: தொடரும் அதன் மூலமும்

‘ஸ்டார் டிரெக்’ என்னும் மூலத்தொடர் 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. அதன் கதை 23ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. மாந்தரும் வேற்றுக்கோள் மக்கள் பலரும் இணைந்த கூட்டமைப்பு ஒன்று அக்கதையில் முன்னரே நிலைபெற்றுள்ளது. அக்கூட்டமைப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதை மூலத்தொடர் விரிவாகக் கூறவில்லை. தமிழ் மரபின் சொல்லால் கூறின், கூட்டமைப்பின் தோற்றம் அங்குத் தொகையளவில் நிற்கிறது.

அதனை விரிக்கும் பணியை ரிக் பெர்மன், பிரானன் பிராகா ஆகிய இருவர் உருவாக்கிய ‘என்டர்பிரைஸ்’ மேற்கொண்டது. 2001 செப்டம்பர் 26 அன்று யுபிஎன் தொலைக்காட்சி வலையமைப்பில் தொடங்கிய இத்தொடர், 2005 மே 13 வரை நான்கு பருவங்களில் 98 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. கதை 2151இல் தொடங்குகிறது. அஃதாவது மூலத்தொடருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர். ஸ்காட் பகுலா ஏற்ற ஜொனாதன் ஆர்ச்சர் என்னும் கப்பற்தலைவன், ஐயத்தோடு உடன்வரும் வல்கன் இனத்துப் பெண் அதிகாரி டிபோல், பொறியாளன் டக்கர் ஆகியோர் முதன்மை மாந்தர். முதலிரு பருவங்களில் தொடரின் பெயரில் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அடையாளமே இல்லை; மூன்றாம் பருவத்தில்தான் அது சேர்க்கப்பட்டது. மூலத்தோடு தனக்குள்ள உறவு யாது என்பதில் தொடருக்கே தெளிவு இருக்கவில்லை என்பதற்கு இப்பெயர் மாற்றமே புறச்சான்றாகும்.

ஒரு கோடிக்கு மேற்பட்டோர் கண்ட முதற்பகுதிக்குப் பின்னர்ப் பார்வையாளர் தொகை பருவந்தோறும் சுருங்கிற்று. நான்காம் பருவத்தோடு தொடர் நிறுத்தப்பட்டது. எனினும் அதனை வெறும் தோல்வி எனத் தள்ளுதல் பொருந்தாது. தொடரில் மூவகை விரித்தல்கள் காணப்படுகின்றன. அவற்றைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

4. வழுவமைதியாக விரித்தல்

1960களின் மூலத்தொடரில் கிளிங்கான் என்னும் போர்க்குணம் மிக்க இனத்தார் மாந்தரை ஒத்த நெற்றியுடன் தோன்றினர். 1979இல் வெளிவந்த முதல் திரைப்படம் தொட்டு அவர்க்கு மேடுபட்ட நெற்றி அமைந்தது. ஒப்பனைச் செலவும் ஒப்பனைக் கலையும் மாறியதே இதன் உண்மைக் காரணம். பார்வையாளரும் இதனை அறிவர். ஆயினும் 2005 பிப்ரவரியில் ‘என்டர்பிரைஸ்’ இரண்டு பகுதிகளை இம்முரணுக்கு விளக்கம் கூறவே செலவிட்டது. மாந்தரின் மரபணு மேம்பாட்டைத் தம் வீரர்க்குப் புகுத்த முயன்ற கிளிங்கான்களிடையே நோய் ஒன்று பரவி, நெற்றி மேடு மறைந்தது என்பது அவ்விளக்கம்.

இதனைத் தமிழிலக்கணச் சொல்லால் வழுவமைதி எனலாம். வழூஉப் போலத் தோன்றுவதைக் காரணம் காட்டி அமைத்துக்கொள்ளுதல் உரையாசிரியர் பணிகளுள் ஒன்று. அதில் நுண்ணறிவு உண்டு. கற்றோர்க்கு இன்பமும் உண்டு. ஆனால் வழுவமைதி உரைக்கு உரியது. அது தானே காப்பியமாகிவிடாது. நெற்றி ஏன் மாறிற்று என்பதை அறிந்தபின் கிளிங்கான் ஒருவரின் துயரமோ மானமோ பார்வையாளருக்கு முன்னிலும் ஆழமாக விளங்குவதில்லை. ஐயம் ஒன்று தீர்ந்தது; கதை வளரவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க வேறொரு கட்டுப்பாடும் தொடருக்கு இருந்தது. மூலத்தொடரின் 1966ஆம் ஆண்டுப் பகுதி ஒன்று, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ரோமுலன் இனத்தாரோடு நிகழ்ந்த போரில் இருதிறத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை எனக் கூறிவிட்டது. ஆகவே ஆர்ச்சர் ரோமுலன்களை நேரிற் காணல் ஆகாது. நான்காம் பருவத்தில் இக்கட்டுப்பாடு நன்கு பயன்படுத்தப்பட்டது: தொலைவிலிருந்து இயக்கப்படும் கப்பல் ஒன்று ஆண்டோரியர்க்கும் டெல்லரைட்டுகளுக்கும் இடையே பகை மூட்டுகிறது, இயக்குவோர் யார் என்பதைப் பார்வையாளர் காண்கின்றனர், கதைமாந்தர் காண்பதில்லை. முகமறியாப் பகைவன் மூட்டிய பகையை எதிர்கொள்ளும் முயற்சியிலேயே பிற்காலக் கூட்டமைப்பின் முதல் ஒற்றுமை பிறக்கிறது. மூலம் விதித்த தடை இங்குக் கதைக்கு வித்தாயிற்று. முன்கதையின் இரண்டு வழிகளும், தடையை விளக்கிவிட்டு நிற்றலும் தடையையே கதையாக்கலும், ஒரே பருவத்தில் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன.

5. பெயரைக் கதையாக்கல்: திருநாளைப்போவார்

தடையைக் கதையாக்கும் இரண்டாம் வழியில் சேக்கிழார் எய்திய உயரத்தைத் திருநாளைப்போவார் புராணம் காட்டுகிறது. சுந்தரர் இவ்வடியார்க்கு அளித்தது ஒரு சிறு தொடர். நம்பி ஆதனூரையும் புலையர் குலத்தையும் தில்லைக் கூத்தன் அருளையும் குறித்தார். சேக்கிழார் முன் இருந்தவை ஒரு பெயரும் ஒரு முடிவும். அடியார் தில்லையை அடைந்தார் என்பதை அரங்கேற்ற அவையில் இருந்தோர் அனைவரும் முன்னரே அறிந்திருந்தனர்.

‘நாளைப் போவார்’ என்னும் பெயர் ஒரு செயலின் தள்ளிவைப்பைக் குறிப்பது. ஏன் இன்றன்றி நாளை என்பது பெயருக்குள் அடங்கிய வினா. சேக்கிழார் முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களில் இவ்வினாவை விடாது தொடர்கிறார். கோயில் முரசுக்குப் போர்வைத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் பூசைக்குக் கோரோசனையும் அளிப்பவர், அக்கோயிலுக்குள் புக இயலாதவர் என்னும் முரண் முதலில் நிறுவப்படுகிறது. திருப்புன்கூரில் வாயிலில் நின்று காண விழைந்தவர்க்கு நந்தி விலகிற்று. தில்லையில் அத்தகைய எளிய தீர்வு இல்லை. செல்ல வேண்டும் என்னும் வேட்கை எழும். தம் பிறப்பை எண்ணிச் செல்லாதொழிவர். மீண்டும் வேட்கை எழ நாளைப் போவேன் என்பர். நாள்கள் கழிகின்றன. இறுதியில் தில்லை எல்லையை அடைந்தும், வேள்விப் புகையைக் கண்டு உட்புக அஞ்சி, இரவும் பகலும் எல்லையையே வலம் வருகிறார்.

முடிவு தெரிந்திருந்தும் கேட்போர் நெஞ்சம் பதைப்பது இவ்விடத்தில்தான். அடைவாரா என்பது இங்கு வினாவன்று. அடையும் நாள்வரை அவர் சுமந்தது என்ன என்பதே வினா. பெயராகக் கிடைத்த ஒரு சொல்லைச் சேக்கிழார் விளக்கவில்லை; அச்சொல்லுக்குள் ஒருவரை வாழச் செய்தார்.

சேக்கிழாரின் விரியும் தனக்கென ஒரு மௌனத்தை விட்டுச்சென்றது. வேள்வித்தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அடியார் கோயிலுள் புகுந்தார்; அத்தீ எதனை நீக்கிற்று, நீக்கப்பட வேண்டியது அவரிடம் இருந்ததா அவரைத் தடுத்தோரிடம் இருந்ததா என்பது புராணத்தில் வினவப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் விடைதர மறுக்கும் நிலக்கிழார் ஒருவரைப் படைத்து, உள்ளத் தயக்கமாக இருந்ததைப் புறத்தடையாகவும் மாற்றினார். புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’ சிறுகதையும் இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகமும் தீயைக் குறித்த வினாவைத் தத்தம் காலத்திற்கேற்ப எழுப்பின. ஒவ்வொரு விரியும் முன்னதன் மௌனத்தைக் கண்டறிந்து அதனையே தன் தொடக்கமாகக் கொண்டமை நோக்கத்தக்கது. சிறு தொடர் ஒன்றில் அடங்கியிருந்த ஒடுக்கப்பட்டோர் ஒருவரின் வாழ்வு தமிழ்ச் சமூகத்தின் தீராத விவாதமானது இவ்விரித்தல்களின் வழியேதான்.

6. விலையை உரைத்தல்: திலகவதியாரும் ஆர்ச்சரும்

திருநாவுக்கரசரின் பதிகங்கள் சேக்கிழார்க்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வழங்கியவை. சமண் சார்ந்திருந்த காலம் குறித்த கழிவிரக்கமும் கல்லோடு கடலில் இடப்பட்ட குறிப்பும் அவற்றில் உள. அவரது தமக்கையாரின் வாழ்வோ அவற்றில் விரித்துரைக்கப்படவில்லை. சேக்கிழார் தம் விரியில் அத்தமக்கையார்க்கே முதலிடம் தருகிறார்.

நிகழ்விடங்கள் மூன்றும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ளவை: பிறந்த ஊரான திருவாமூர், தமக்கையார் தொண்டு செய்த கெடிலக்கரைத் திருவதிகை, தருமசேனர் என்னும் பெயரோடு சமணத்தில் உயர்நிலை பெற்ற பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூர். பெற்றோர் மறைந்தனர், மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் வீழ்ந்தார். உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின் வேண்டுகோளுக்காக உயிர் தாங்கினார். அத்தம்பியே அவரை விட்டு நீங்கி வேறு நெறி சென்றார். சூலைநோயால் வருந்தியவர் ஆள் அனுப்பியபோது, தாம் அங்கு வாரார் என மறுத்துரைக்கும் உறுதியும் அவர்க்கு இருந்தது. தம்பியார் இரவில் திருவதிகைக்கு வந்து தமக்கையார் அடியில் வீழ்ந்த பின்னரே முதற்பதிகம் பிறக்கிறது.

பதிகத்தை முன்னரே ஓதி அறிந்தவர், இவ்விரியைக் கேட்டபின் அதனை ஓதும்போது வேறொரு பொருளும் தோன்றக் காண்பர். நோயுற்றவரின் குரலுக்குப் பின்னே, அவர்க்காகக் காத்திருந்தவரின் ஆண்டுகளும் ஒலிக்கின்றன. முன்கதை வெற்றிபெற்றது என்பதற்கு இதுவே உரைகல்: அதனை அறிந்தபின் மூலம் முன்னிருந்தவாறு இருத்தல் ஆகாது.

இவ்வுரைகல்லில் ‘என்டர்பிரைஸ்’ தொடரும் ஓரிடத்தில் தேறுகிறது. மூன்றாம் பருவம் புவியின் மீது நிகழ்ந்த தாக்குதலையும், 70 இலட்சம் மக்களின் இறப்பையும், இரண்டாம் தாக்குதலைத் தடுக்க ஆர்ச்சர் மேற்கொள்ளும் பயணத்தையும் ஒரே தொடர்கதையாகக் கூறுகிறது. அப்பயணத்தில் ஆர்ச்சரின் கப்பல் சிதைந்து, உரிய காலத்தில் செல்லவியலாத நிலை எய்துகிறது. வழியில் எதிர்ப்பட்ட, தமக்குத் தீங்கேதும் செய்யாத வேற்றினத்தாரின் கப்பலிலிருந்து இயந்திர உறுப்பு ஒன்றை அவர் வலிந்து பறிக்கிறார். அவர்கள் ஊர் திரும்பப் பல்லாண்டுகள் ஆகும் என அறிந்தே பறிக்கிறார். 2004இல் ஒளிபரப்பான இப்பகுதி, பின்னாளில் அறத்தின் வடிவாகப் போற்றப்படும் கூட்டமைப்புக்கு வித்திட்டவரின் கையில் இக்கறை இருந்தது எனக் காட்டுகிறது. மூலத்தொடரின் அறவுரைகளை அறிந்த பார்வையாளர்க்கு அவ்வுரைகள் இதன்பின் எளிய பெருமிதமாக ஒலியா. ஒரு நினைவின் சுமையும் அவற்றுடன் சேரும். தொடர் தன் இடைத்தரத்தைக் கடந்து நிற்கும் இடம் இது.

7. பிற்காலத்தவர் பார்வைச் சட்டகம்

பெரியபுராணம் தன் நாயகனின் முடிவை முதலிலேயே வைக்கிறது. கயிலையில் உபமன்னிய முனிவர் பேரொளி ஒன்றைக் கண்டு தொழுகிறார். அது வன்றொண்டர் மீளும் ஒளி என்கிறார். உடனிருந்த முனிவர்கள் வினவ, வரலாறு தொடங்குகிறது. சுந்தரர் வெள்ளானை மீது கயிலை சேரும் சருக்கத்தோடு நூல் நிறைகிறது. தொடக்கத்தில் கண்ட ஒளியின் பொருள் 4,000 பாடல்களுக்குப் பின்னரே முழுமையாக விளங்குகிறது. சட்டகத்தில் உள்ள முனிவர்கள் கேட்போர் மட்டுமே. கதை அவர்களுக்குரியதாக ஆக்கப்படவில்லை.

‘என்டர்பிரைஸ்’ தன் இறுதிப்பகுதியில் இதனை ஒத்த உத்தியைக் கையாண்டது. ஆர்ச்சரின் இறுதிப் பயணம், இரு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட வேறொரு தொடரின் மாந்தரான ரைக்கர் என்பவர் மெய்ந்நிகர் அரங்கில் காணும் காட்சியாக அமைக்கப்பட்டது. ரைக்கர் தமக்கு நேர்ந்த ஓர் இக்கட்டில் முடிவெடுக்க இவ்வரலாற்றைக் காண்கிறார். பொறியாளன் டக்கரின் இறப்பும் இக்காட்சிக்குள்ளேயே நிகழ்கிறது. 2161இல் கூட்டமைப்பு உருவாகும் அவையில் ஆர்ச்சர் உரையாற்ற முற்படும் தருணத்தில், ரைக்கர் காட்சியை நிறுத்திவிட்டு வெளியேறுகிறார். பார்வையாளர் அவ்வுரையைக் கேட்பதில்லை.

நான்கு ஆண்டுகள் எந்நிகழ்வை நோக்கிக் கதை நகர்ந்ததோ அந்நிகழ்வு இவ்வாறு விடுபட்டது. நெற்றி மேட்டுக்கு இரண்டு பகுதிகள் கிடைத்தன; பகைவர் நால்வர் ஒருவரோடொருவர் கைகோத்த நாளுக்கு ஓர் உரையும் கிடைக்கவில்லை. காலப்போர் என்னும் இழையில் எதிர்காலத்திலிருந்து ஏவியவர் யார் என்பதும் தொடர் முடியும்வரை சொல்லப்படவில்லை. சட்டகம் என்னும் உத்தி இரு படைப்பிலும் ஒன்றே. ஒன்றில் பிற்காலத்தவர் முற்காலத்தவரை வணங்கிக் கேட்கின்றனர்; மற்றொன்றில் பிற்காலத்தவர் தம் தேவை முடிந்ததும் முற்காலத்தவரை அணைத்துவிடுகிறார். பின்வந்தோர்க்குப் பயன்படும் அளவிலேயே முன்னோர் பொருளுடையர் என்னும் எண்ணம் முன்கதை வகைக்கே பகையானது.

8. அறிந்ததைத் தொடராகக் காணல்

சேக்கிழார் தில்லையில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் அரங்கேற்றத்தைத் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவு செய்தார் என உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. ஓராண்டு முழுவதும் நாள்தோறும் அறிந்த கதையைத் தொடராகக் கேட்ட அவை அது. திருநாவுக்கரசர் கல்லே மிதவையாகக் கரையேறிய நிகழ்வு கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இன்றும் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அவர் கரையேறுவார் என்பதை அறியாதார் அங்கு ஒருவரும் இலர். அறிந்ததை மீண்டும் காணும் விருப்பம் புதுமை வேட்கையினும் தாழ்ந்ததன்று என்பதற்கு இவ்வட்டார வழக்குகள் சான்று.

தொலைக்காட்சித் தொடரைக் காண்போரும் இவ்விருப்பத்தோடுதான் வருகின்றனர். அவர்களை ‘என்டர்பிரைஸ்’ பெரும்பாலும் இருவேறு வகையில் தவறாகக் கணித்தது. முதலிரு பருவங்களில் அவர்கள் முடிவை அறிந்தவர்கள் என்பதையே மறந்து, மூலத்தோடு தொடர்பற்ற பயணக் கதைகளை அடுக்கிற்று. நான்காம் பருவத்தில் மேனி கோட்டோ பொறுப்பேற்றபின், அவர்கள் அறிவை மதித்து மூலத்தின் இடைவெளிகளை நிரப்பிற்று. எனினும் சிலபோது அவ்வறிவைத் தேர்வெழுதும் அறிவாகவே கொண்டது. அறிந்தவர் வேண்டுவது தாம் அறிந்ததன் உட்பொருள் என்பது மூன்றாம் பருவத்தின் சில பகுதிகளிலும் நான்காம் பருவத்தின் சில பகுதிகளிலுமே உணரப்பட்டது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

முன்கதைக் கூற்று மேலைத் தொலைக்காட்சியின் தனி உத்தியன்று. வழிநூல் இலக்கணமும் தொகை, வகை, விரி என்னும் சைவ மரபுப் பகுப்பும் அதனை ஆராய்தற்குரிய கலைச்சொற்களைத் தமிழுக்கு முன்னரே வழங்கியுள்ளன.

விரித்தல் இருதிறப்படும். மூலத்தின் முரணை அமைத்தல் ஒன்று. மூலத்தின் மௌனத்தில் வாழ்ந்தோரைப் பேசச் செய்தல் மற்றொன்று. முன்னது உரையின் தன்மையது. பின்னதே காப்பியத் தன்மையது. ‘என்டர்பிரைஸ்’ இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறியமையே அதன் இடைத்தரத்திற்கு முதற்காரணம்.

முன்கதை வென்றமைக்கு அளவை, அதனை அறிந்தபின் மூலம் புதுப்பொருள் பெறுதல். திலகவதியாரை அறிந்தபின் திருவதிகைப் பதிகமும், ஆர்ச்சரின் கறையை அறிந்தபின் கூட்டமைப்பின் அறவுரையும் அவ்வாறு பொருள் மிகுகின்றன.

எவர் மௌனத்தைத் தேர்வது என்பது உத்தி பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும். தொகைகளில் ஒரு சொல்லாக நிற்போர் பலர். அவர்களை விரிப்போர் இலராயின் அவர்கள் பெயராகவே எஞ்சுவர். தவறாக விரிப்பின் பெயரளவில் இருந்த உண்மையும் மறையும். தில்லை எல்லையை இரவும் பகலும் வலம் வந்த ஒருவரின் தயக்கத்தைக் கடந்து செல்லாது, அதன்பால் நின்று பல பாடல்களைச் செலவிட்ட சேக்கிழாரின் பொறுமை, விரிநூல் எழுதுவோர் எக்காலத்தும் எவ்வூடகத்திலும் கற்கத்தக்க முதற்பாடமாகும்.